கழுத்தா, குதிரையா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாரம் ஆறு நாளும் ஆபீசில் பிறர் எழுத்தில் பிழை திருத்தியது போதும், இன்றாவது ஒரு மணி நேரம் கண்ணயரலாம் என்று பாயை விரித்தேன். தலை தலையணையில் படவில்லை. வாசலில் அண்ணியின் குரல் கேட்டது.

"நீ வந்து ஒரு வழி சொன்னால்தான் உண்டு! கழுத்துக்கு ஒன்று வாங்க வேண்டுமாம், பாலத்துக்கு ஒன்று வாங்க வேண்டுமாம். உன் அண்ணா இரண்டும் கிடையாது என்கிறார். காலையிலிருந்து தகப்பனும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசவில்லை."

கழுத்து என்றதும் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. தங்கம் விற்கிற விலையில் அண்ணி கழுத்துக்கு ஏதோ வாங்குகிறார் என்றால் சும்மா இருக்க முடியுமா? "சங்கிலியா, நெக்லஸா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"எனக்கு இல்லை, அம்மா! அவனுடைய கிதாருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அண்ணி. "கழுத்தாவது போகட்டும். கிதாருக்குப் பாலம் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. 'நெக்', 'பிரிட்ஜ்' என்று பிள்ளையாண்டான் சொன்னதை அண்ணி நேர்த்தியாகத் தமிழ்ப்படுத்தியிருக்கிறார்! ஆனால் அது பாலம் அல்ல. வீணையிலும் பிடிலிலும் தந்திகளைத் தூக்கிப் பிடிக்கிறதே ஒரு கட்டை, அதற்கு நாம் குதிரை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆகவே, கேள்வி இதுதான்: மின்சார கிதாருக்குப் புது 'பிக்கப்' வாங்க வேண்டும், அதைக் கழுத்துப் பக்கம் வைப்பதா, குதிரைப் பக்கம் வைப்பதா?

"பத்திரிகைக்காரிக்குத் தெரியாத விஷயம் உண்டா?" என்றார் அண்ணி. இந்த ஒரு வாக்கியத்துக்கு மயங்கி நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை இழந்திருக்கிறேன். அன்றும் இழந்தேன்.

* * *

குடும்பப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறது, சற்றே எண்ணிப் பாருங்கள். "மிக்ஸி ஓடுகிறதா?" என்று கேட்டால், "இல்லை, பையன் ஹெவி மெட்டல் பழகுகிறான்" என்பார்கள். அந்தச் சத்தத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் நாம். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லதுதானே?

என் அண்ணாவின் பிள்ளை காலேஜில் இரண்டாவது வருஷம் படிக்கிறான். சாயந்திர வேளையில் நாலைந்து குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறான். அவனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு வாத்திய கோஷ்டி. காலேஜ் விழாவில் போட்டி. "அத்தை, என் கிதாரில் எல்லாம் சேறாகக் கேட்கிறது. இரண்டு பிக்கப்பையும் மாற்றினால்தான் சரிப்படும்" என்றான். அவனிடம் இருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். இன்னொன்றுக்கு?

அண்ணி என்னைச் சமையலறைக்குள் அழைத்துப் போய்க் காப்பியைக் கையில் கொடுத்தார். குனிந்தபோதுதான் பார்த்தேன். கழுத்தில் மஞ்சள் சரடு மட்டுந்தான் இருந்தது. ஜூன் மாதம் பிள்ளையின் காலேஜ் சம்பளத்துக்காக அடகுக் கடைக்குப் போன சங்கிலி இன்னும் வீடு திரும்பவில்லை.

"சீட்டு எடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் பணம் வரும். சங்கிலியை மீட்கலாம் என்றுதான் இருந்தேன். அவன் முகத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. சங்கிலி எங்கே போகிறது, அடுத்த சீட்டில் பார்த்துக்கொள்ளலாம். என்ன சொல்கிறாய்?" என்றார் தணிந்த குரலில்.

ஆக, கழுத்தா குதிரையா என்பது கிதாரைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காப்பியைக் குடித்துவிட்டு, பையனின் அறைக் கதவைத் தட்டினேன்.

* * *

முதலில் பிக்கப் என்றால் என்ன என்று பார்ப்போம். வீணைக்குக் குடம் இருக்கிறது. நாதம் அதில் நிறைந்து வெளியே வருகிறது. மின்சார கிதார் பெரும்பாலும் ஒரு கட்டை. தனியாக வாசித்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. அதனால் தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிர் போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய சுருளும் வைக்கிறார்கள். எஃகுத் தந்தி காந்தத்துக்கு மேலே அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இது 1831-ம் வருஷம் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த தத்துவம். அந்தச் சிறு மின்சாரத்தைப் பெருக்கித்தான் ஒலிபெருக்கியில் கேட்கிறோம். நைலான் தந்தி கட்டினால் இந்தக் காதுக்கு ஒன்றுமே கேட்காது. அதற்கு இரும்பின் பாஷைதான் தெரியும்.

இப்படிப்பட்ட கிதாரை வியாபார ரீதியில் முதலில் கொண்டு வந்தவர்கள் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ஜார்ஜ் போஷாமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும். 1931-32-ல் செய்தார்கள். வட்டமான அலுமினிய உடல், நீண்ட கைப்பிடி. பார்த்தவர்கள் அதற்கு 'வறுக்கும் சட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே, சமையலறைக்கும் இந்த வாத்தியத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்!

ஆனால் ஒரு தொல்லை. சுருள் தந்தியின் அதிர்வை மட்டும் கேட்பதில்லை. வீட்டு மின்சாரத்தின் 'ஊம்ம்' என்ற முனகலையும் சேர்த்துக் கேட்கிறது. 1955-ல் மிச்சிகன் மாகாணத்து கலமஸூ நகரில், கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் என்பவர் இதற்கு ஒரு வழி செய்தார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு. ஒவ்வொன்றிலும் சுமார் 5,000 சுற்று. இரண்டையும் எதிரெதிராக இணைத்தார்; காந்தத்தின் முனையையும் ஒன்றுக்கொன்று மாற்றி வைத்தார். முனகல் இரண்டு சுருளிலும் நுழைந்து, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு ஒழிந்து போகிறது. தந்தியின் நாதமோ இரண்டிலும் ஒரே திசையில் பிறந்து ஒன்றோடொன்று கூடிவிடுகிறது. ஓரகத்திகள் இருவர் தங்களுக்குள் ஒத்துப் போகாவிட்டாலும், வீட்டுக்கு ஒரு காரியம் என்றால் சேர்ந்துகொள்வார்களே, அந்த மாதிரி! இதற்கு 'ஹம்பக்கர்' என்று பெயர். ஹெவி மெட்டல்காரர்களின் கிதார்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

* * *

சரி, ஒரே மாதிரியான இரண்டு காதுகள். இடம் மாறினால் என்ன மாறிவிடும்?

கொடியில் துணி உலர்த்துகிற நமக்கு இது சுலபமாகப் புரியும். கொடிக் கயிற்றைச் சுண்டிவிட்டுப் பாருங்கள். நடுவில் வீச்சு பெரிதாக இருக்கும். ஆணிக்குப் பக்கத்தில் கொஞ்சமாகத்தான் அசையும். தந்தியும் அப்படியே. குதிரையிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் பிக்கப், தந்தியின் சின்ன அசைவைக் கேட்கிறது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப், பெரிய அசைவைக் கேட்கிறது.

இதோடு முடிந்தால் ஒன்று உரக்கவும் ஒன்று மெல்லவும் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு தந்தி ஒரு நாதத்தை மட்டும் எழுப்புவதில்லை. தம்புராவை மீட்டினால் நாம் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக ஒலிக்கிறதே, கேட்டிருப்பீர்கள். மூல நாதத்தோடு கூடவே, அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு வேகத்தில் சிறு நாதங்களும் அதிர்கின்றன. கழுத்துப் பக்கத்தில் மூல நாதத்தின் ஆட்டம் மிகப் பெரிது. அதனால் ஒலி கனமாகவும் குழைவாகவும் இருக்கும். குதிரைப் பக்கத்தில் மூல நாதம் அடங்கிவிடுகிறது. சிறு நாதங்கள் அதற்குச் சமதையாகத் தலையெடுக்கின்றன. அதனால் ஒலி கூர்மையாகவும் பளிச்சென்றும் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. 22 மெட்டு வைத்த கிதாரில், கழுத்துப் பிக்கப் பெரும்பாலும் தந்தியின் நீளத்தில் கால் பங்கு தூரத்தில் அமைந்துவிடுகிறது. தந்தி 64.8 சென்டிமீட்டர் என்றால் குதிரையிலிருந்து சுமார் 16 சென்டிமீட்டர். விரல் வைக்காத தந்தியில், நான்கு மடங்கு வேகமுள்ள சிறு நாதம் அந்த இடத்தில் அசையாமல் நிற்கிறது. அசையாததைக் காந்தம் எப்படிக் கேட்கும்? ஆகவே இரண்டு ஸ்தாயி மேலே உள்ள அந்த ஸட்ஜம் அங்கே காதில் விழுவதே இல்லை.

சிறு வயதில் எனக்கு வீணை சொல்லிக் கொடுத்த பாட்டியம்மாள், நான் சோம்பலாகக் குதிரைக்கு அருகே கையை வைத்து மீட்டினால், "ஏண்டி, தகரத்தைச் சுரண்டுகிறாய்?" என்பாள். கையைச் சற்றே தள்ளி வைத்தால் நாதம் இழையும். மீட்டுகிற இடத்துக்கு உள்ள குணம் கேட்கிற இடத்துக்கும் உண்டு. பாட்டியம்மாள் வேண்டாம் என்ற அந்தத் தகரம்தான் ஹெவி மெட்டலுக்கு வேண்டும் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

* * *

ஹெவி மெட்டல் பிறந்த ஊர் இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரமான பர்மிங்ஹாம் என்பார்கள். அங்கே டோனி அயோமி என்ற இளைஞர் 1965-ல், பதினேழாவது வயதில், தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கிதார் வாசிக்கப் போவதாக ஏற்பாடு. கடைசி நாள் அன்று இயந்திரம் அவர் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இடது கைப் பழக்கமுள்ளவர் ஆதலால், தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான்!

மனம் உடைந்து உட்கார்ந்திருந்தவரிடம் தொழிற்சாலை மேஸ்திரி ஓர் இசைத்தட்டைக் கொண்டு வந்து கொடுத்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. அந்த மேதை 1928-ல் தீ விபத்தில் இடது கையில் இரண்டு விரல்களின் உபயோகத்தை இழந்தும் உலகப் புகழ் பெற்றவர். அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குத் தாமே தொப்பி செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைக் கட்டினார். 1971 வாக்கில் சுருதியை மூன்று அரை ஸ்வரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு நோவு குறைந்தது, ஒலியோ பூமிக்கு அடியிலிருந்து வருவது போல் ஆயிற்று. 1969-ல் அவருடைய 'பிளாக் ஸாபத்' கோஷ்டி தங்கள் முதல் தட்டைப் பதிவு செய்தபோது, ஒரு பாட்டு முடிந்ததும் அவருடைய ஃபெண்டர் கிதாரின் பிக்கப் பழுதாகிவிட்டது. மாற்றாக வைத்திருந்த கிப்ஸன் எஸ்.ஜி. கிதாரை எடுத்தார். பிறகு அதையே தம் வாத்தியமாக்கிக்கொண்டார்.

இந்த இசையில் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கிறார்கள். பெருக்கியின் சக்திக்கு மேல் திணிக்கிறார்கள். சாம்பாரில் காரம் சேர்த்தால் பருப்பும் காரமாகிறது, புளியும் காரமாகிறது அல்லவா? அது போல, உள்ளே போவதெல்லாம் பெருத்துவிடுகிறது. தாழ்ந்த சுருதியில், கழுத்துப் பிக்கப்பின் கனத்த நாதத்தை இதற்குள் அனுப்பினால் எல்லாம் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு சேறாகிவிடும். அதோடு, உள்ளங்கையின் ஓரத்தைக் குதிரைமேல் வைத்துத் தந்தியை அமுக்கிக்கொண்டு 'ஜக்ஜக்ஜக்' என்று வேகமாக வாசிப்பது இவர்களுடைய வழக்கம். ஒவ்வொரு தட்டும் தனித்தனியே விழ வேண்டும். அதற்குக் குதிரைப் பிக்கப்பே கதி.

அப்படியானால் கழுத்துப் பிக்கப் வீணா? இல்லவே இல்லை! தனி வாசிக்கும்போது மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் குதிரைப் பக்கத்தில் ஊசியாய்க் காதைக் குத்தும். ஸ்விட்சைத் தள்ளிக் கழுத்துக்குப் போனால் புல்லாங்குழல் போல் இழையும். சிதைவில்லாமல் நிதானமாக மீட்டுகிற ஆரம்பப் பகுதிகளுக்கும் அதுதான் அழகு. தாளம் போடக் குதிரை, பாடக் கழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்கள் இரண்டையும் வேறு வேறாகவே செய்கிறார்கள். குதிரைப் பக்கத்தில் அசைவு சிறிது ஆகையால், அதற்கான பிக்கப்பில் அதிகச் சுற்றுச் சுற்றியோ வலுத்த காந்தம் வைத்தோ ஈடு செய்கிறார்கள். குதிரையருகே தந்திகளின் இடைவெளியும் சற்று அகலம். லாரி டிமார்ஸியோ 1972-ல் கொண்டு வந்த 'சூப்பர் டிஸ்டார்ஷன்' இப்படி வலுவூட்டிய ஹம்பக்கர். பிறகு, 9 வோல்ட் பாட்டரி போட்டு இயங்கும் இ.எம்.ஜி. கம்பெனியின் பிக்கப்புகள் வந்தன. 'மெட்டாலிகா' கோஷ்டியின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குதிரைக்கு 81 என்ற நம்பரும் கழுத்துக்கு 60 என்ற நம்பரும் வைத்துப் பிரசித்தமாக்கினார். ஆனால் எடி வான் ஹேலன் 1978-ல் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தபோது, கையாலேயே கூட்டிச் செய்த அவருடைய கிதாரில் உருப்படியாக வேலை செய்தது பழைய கிப்ஸனிலிருந்து பிடுங்கிய ஒரே ஒரு ஹம்பக்கர்தான். அதுவும் குதிரைப் பக்கம்!

* * *

இதையெல்லாம் நானும் பையனுமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவனுடைய கிதாரை உற்றுப் பார்த்தேன். கழுத்துப் பிக்கப் தந்தியைத் தொட்டுவிடும் போல் மேலே நின்றது. குதிரைப் பிக்கப் கிணற்றுக்குள் போன செம்பு மாதிரி அடியில் கிடந்தது. "இது என்னடா?" என்றேன்.

"கடையில் வாங்கியபோதே அப்படித்தான் இருந்தது, அத்தை."

இரண்டு பக்கமும் திருகாணி இருக்கிறது. செலவு ஒன்றும் இல்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். கடைசி மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு அளந்தால், குதிரைப் பக்கம் சுமார் 1.6 மில்லிமீட்டர், கழுத்துப் பக்கம் சுமார் 2.4 மில்லிமீட்டர் இடைவெளி என்பது கிப்ஸன் ஹம்பக்கர்களுக்குச் சொல்லப்படும் ஆரம்பக் கணக்கு. பிறகு காதைக் கேட்டு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அப்படியே செய்தோம். எட்டு மாதமாக மாற்றாமல் துருவேறிக் கிடந்த தந்திகளையும் மாற்றினான்.

அடுத்தது பரீட்சை. தினமும் கணக்குப் புஸ்தகத்தோடு மல்லாடும் என் அண்ணாவைக் கூப்பிட்டுச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னேன். "எந்தப் பக்கம் வாசிக்கிறான் என்று சொல்ல மாட்டோம். எது நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்."

"இரண்டும் நன்றாக இல்லை என்று சொல்ல அனுமதி உண்டா?" என்றார் அண்ணா. அதுவே அன்று பிள்ளை காதில் விழ அவர் பேசிய முதல் பேச்சு.

முதலில் கழுத்தில் அந்த வேகமான தாளத்தை வாசித்தான். "மோட்டார் பம்பு" என்றார். பிறகு குதிரை. அண்ணா கொஞ்சம் தலையைச் சாய்த்தார். "இதை எண்ணலாம். ஒரு வரிசைக்குப் பதினாறு தட்டு. சரியா?" என்றார். சரிதான்! பையன் வாயைப் பிளந்தான். பிறகு ஒரு தனி வாசிப்பு. குதிரையில் வாசித்தபோது முகத்தைச் சுளித்தார். கழுத்தில் வாசித்தபோது ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இது பாடுகிறதே!" என்றார்.

அப்போது அண்ணி கதவருகே வந்து, "சீட்டுப் பணம் வருகிறது. வேண்டுமானால் இரண்டுமே வாங்கிக்கொள்ளட்டும்" என்றார்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு கழுத்தைப் பார்த்தான். எத்தனை மாதமாக அந்த மஞ்சள் சரடு அவன் கண்ணில் படாமலே இருந்ததோ! நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

"கழுத்து இப்படியே இருக்கட்டும், அம்மா. இறக்கி வைத்ததிலேயே சரியாகிவிட்டது. குதிரைக்கு மட்டுந்தான் கொஞ்சம் வலு போதவில்லை. அதை என் பணத்தில் வாங்கிக்கொள்கிறேன்" என்றான்.

* * *

போட்டியில் பரிசு கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? கிடைக்கவில்லை. மூன்றாவது பரிசுகூட இல்லை. ஆனால் கொட்டகையின் கடைசி வரிசையில் காதில் பஞ்சோடு ஒருவர் உட்கார்ந்து விரல் விட்டுத் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர் என் அண்ணா.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இப்படிக் கேட்டால், பணப் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுங்கள். தந்தி பழசா என்று பாருங்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டையும் கேளுங்கள். அப்புறமும் வாங்கித்தான் ஆக வேண்டும், ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, வாசிப்பது ஹெவி மெட்டல் என்றால், குதிரைக்கே வாங்குங்கள். பிள்ளை தனி வாசிப்பில் இறங்கும்போது கழுத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று அண்ணி வந்திருந்தார். கழுத்தில் சங்கிலி மின்னிற்று. அதைத் தொட்டுக் காட்டி, "குதிரைக்கு அவன் பணம், கழுத்துக்கு என் பணம். கணக்கு சரியாகிவிட்டதா?" என்றார்.

பத்திரிகைக்காரிக்குத் தெரியாத கணக்கா? சரியாகத்தான் இருந்தது.